ஆடி மாசமும் ஒரு கருப்புச்சட்டை வீடும்

கல்யாணம் பேசறப்ப சாதகம் பாக்கறோம், சம்பளம் கேக்கறோம், சொந்த வீடா வாடகையான்னு கேக்கறோம், ஆனா உங்க வீட்டுல ஆடி மாசம் என்ன பண்ணுவீங்கன்னு யாரும் கேக்கறதில்ல. சேலத்துல பொண்ணு குடுக்கறவங்களும் எடுக்கறவங்களும் அதத்தான் மொதல்ல கேக்கணும்னு நான் சொல்லுவேன். இங்க ஆடின்னா சாதாரண மாசம் இல்லயே, கோட்டை மாரியம்மனுக்கு பூச்சாட்டுனா குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அன்னதானப்பட்டின்னு ஊர்ல இருக்கற அத்தனை மாரியம்மனுக்கும் ஒரே சமயத்துல திருவிழா, ஒரு புதன்கிழமை கலெக்டரே உள்ளூர் லீவு விட்ருவாரு, அந்த நேரத்துல ஒரு வீட்டுக்குள்ள யாரு எந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு தானா தெரிஞ்சிரும்.

நான் பொறந்தது குகையில. அப்பா வெள்ளிப் பட்டறையில கொலுசு வேலை, அம்மா வீட்டோட. எங்க தெருவுல ஆடின்னாலே வண்டி வேடிக்கைதான், வண்டிய லைட்டு போட்டு அலங்காரம் பண்ணி ஆளுங்க சாமி வேஷம் கட்டிட்டு ஊர்வலமா வருவாங்க. சின்ன வயசுல எனக்கு பக்தின்னா அதுதான், கலரு, சத்தம், தூக்கம் முழிச்சு ஒக்காந்து பாக்கற சொகம். ஒரு வருசம் எதிர் வீட்டு அண்ணன் முருகன் வேஷம் கட்டுனாரு, வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி சந்துக்குள்ள நின்னு பீடி வலிச்சிட்டு இருந்தத நான் பாத்துட்டேன். அப்பறம் அதே அண்ணன் வேலு புடிச்சிட்டு வண்டி மேல வந்தப்ப எல்லாரோடயும் சேந்து நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன், எனக்கு ஒரு சந்தேகமும் வரல. பீடி ஒரு பக்கம், முருகன் ஒரு பக்கம், ரெண்டும் மண்டைக்குள்ள இடிச்சுக்காம இருந்துச்சு. அந்த வயசோட வசதி அது.

இருபது வயசுல அது போயிருச்சு. பெரிய காரணம்னு ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போனேன், கையில காசு வந்துச்சு, நாலு விதமான ஆளுங்களப் பாத்தேன், வீட்டுல "பொட்டப்புள்ள இத தொடாத, அந்த நாள்ல அங்க போகாத"ன்னு சொல்றப்பல்லாம் எரிச்சலா வரும். அந்த எரிச்சல் அம்மா மேலயா மாரியாத்தா மேலயான்னு பிரிச்சுப் பாக்க அப்ப தெரியல. இப்ப யோசிச்சா அம்மா மேலதான். சின்னப் பசங்க "எனக்கு சாமி நம்பிக்கை இல்ல"ன்னு சொன்னா நான் ஒடனே வாதம் பண்ணமாட்டேன், யாரு மேல கோவம்னு மட்டும் மெதுவா கேப்பேன், பாதி பேருக்கு அங்கதான் பதில் கெடக்கும். மீதிப் பேரு நெசமாவே யோசிச்சு வந்தவங்க, அவங்கள விட்ருங்க.

என் வீட்டுக்காரர் அந்த மீதிப் பேர்ல ஒருத்தர், ஆனா அவரு யோசிச்சு வரல, அப்பிடியே பொறந்தாரு. அம்மாபேட்டையில கருப்புச்சட்டை குடும்பம். நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேரு மாறுனது 1944ல இதே சேலத்து மாநாட்டுலதான், அந்தக் கூட்டத்துல மாமாவோட அப்பா இருந்திருக்காரு. 1971ல பெரியார் வந்த மூட நம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுக்கு மாமா தொண்டரா வேலை பாத்திருக்காரு, அப்ப அவருக்கு முப்பது வயசு இருக்கும். கைத்தறி சொசைட்டியில கணக்கு எழுதற வேலை. ஆடியில தெருக்காரங்க வரி கேட்டு வந்தா "சாமிக்கு குடுக்கமாட்டேன், கூழுக்கு குடுக்கறேன்"னு சொல்லுவாரு, அவங்களும் சிரிச்சிக்கிட்டே கூழ் செலவுன்னு ரசீது போட்டுக் குடுத்துட்டுப் போவாங்க. வருசா வருசம் இதே வசனம் ரெண்டு பக்கமும். ஒரு ஊருக்குள்ள ரெண்டு நம்பிக்கை எப்பிடி வாழுதுன்னு கேட்டா நான் அந்த ரசீதத்தான் காட்டுவேன்.

எங்க கல்யாணம் 1998ல, லவ் மேரேஜ்தான். எங்கம்மாவுக்கு ஐயர் இல்லாம எப்பிடி கல்யாணம்னு ஒரே அழுகை. சுயமரியாதைக் கல்யாணத்துக்கு தாலியே கெடையாதுன்னு யாரோ அவங்களுக்கு சொல்லி வெச்சிருந்தாங்க. அது அப்பிடி இல்ல. 1967ல அண்ணா கொண்டாந்த சட்டத்துல மாலை மாத்திக்கறது, மோதிரம் போடறது, தாலி கட்டறது, இதுல எது பண்ணாலும் செல்லும், புரோகிதர் இருக்கணும்னு அவசியமில்ல, அவ்ளோதான். மாமாவே அம்மாகிட்ட வந்து "சம்பந்தி, மஞ்சக்கயிறு நீங்களே எடுத்துக் குடுங்க, உங்க கையால வாங்கி அவன் கட்டட்டும்"னு சொன்னாரு. அம்மா அதோட அழுகைய நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு வேண்டி இருந்தது ஐயரு கூட இல்ல போல, அந்தக் கல்யாணத்துல அவங்களுக்குன்னு ஒரு வேலை. இப்ப கல்யாணம் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், எந்த முறையில பண்ணாலும் தமிழ்நாட்டுல பதிவு பண்றது கட்டாயம், 2009 சட்டம், 90 நாளுக்குள்ள பண்ணிருங்க, விட்டா அப்பறம் அலையணும்.

பொறவு புள்ளைங்க. காது குத்தறதுக்கு மாமா வீட்டுல ஒரு எதிர்ப்பும் இல்ல, தங்கம்னா பகுத்தறிவு கொஞ்சம் கண்ண மூடிக்கும் போல. மொட்டை வேண்டாம்னுட்டாங்க, நானும் விட்டுட்டேன்.

உண்மையான சோதனை வந்தது வீட்டுக்காரருக்கு அம்மை போட்டப்ப. மொதல்ல சின்னவனுக்குத்தான் வந்துச்சு, பால்வாடியில எவனுக்கோ இருந்திருக்கு, குழந்தைக்கு லேசா வந்துட்டுப் போயிருச்சு, ரெண்டு வாரம் கழிச்சு இவருக்கு. சிக்கன் பாக்ஸ் ஒருத்தர்கிட்ட இருந்து தொத்தி இன்னொருத்தருக்கு வெளிய தெரியறதுக்கு 10ல இருந்து 21 நாள் வரைக்கும் ஆகும், அதனால ஒருத்தருக்கு எறங்கிருச்சுன்னு நிம்மதியா இருக்கறப்பதான் அடுத்த ஆளுக்கு வரும். பெரியவங்களுக்கு வந்தா குழந்தைங்க மாதிரி லேசா போகாது, நிமோனியா வரைக்கும் போகும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு இன்னும் ஆபத்து.

எங்கம்மா குகையில இருந்து ஆட்டோ புடிச்சு வந்துட்டாங்க, வாசல்ல வேப்பிலை, படுக்கையில வேப்பிலை, தாளிக்கக் கூடாது, வெளியாளு யாரும் வரக்கூடாது, எளநி, வெள்ளரிக்காய், கூழு. "ஆத்தா வந்திருக்கா, மாத்திரை கீத்திரை குடுத்து அவள கோவப்படுத்தாதீங்க." இந்தப் பக்கம் மாமா, "அது வைரஸ் சம்பந்தி, ஆத்தா இல்ல". நான் நடுவுல. அன்னிக்கு நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் என்னன்னா ஆத்தாவா வைரஸான்னு தீர்ப்பு சொல்லப் போகாம பக்கத்துத் தெரு டாக்டர வீட்டுக்கே கூட்டிட்டு வந்தது. அவரு வயசானவரு, பக்குவமா பேசுனாரு. வைரஸ் மாத்திரைய கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும், அதனால இப்பவே குடுங்க, வேப்பிலை படுக்கையில இருக்கட்டும் அதனால கெடுதல் இல்ல, நகத்த வெட்டி விடுங்க, சொறிய விடாதீங்க, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாது, குழந்தைங்களுக்கு சுத்தமா கூடாது. எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் வெளிய போகக் கூடாதுன்னாரு, அதத்தான எங்கம்மாவும் வேற பாஷையில சொல்லிட்டு இருந்தாங்க. அம்மா மூஞ்சி மலந்துருச்சு. மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவை வேப்பிலை மேல வெச்சு எடுத்துக் குடுத்தாங்க, மாமா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

கோடை காலம், கரண்டு போகும் வரும். நடுராத்திரி முழிச்சுப் பாத்தா மாமா மகன் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்து வேப்பங்கொத்தால விசிறிக்கிட்டு இருக்காரு. காலையில எங்கம்மா சும்மா இருக்காம கேட்டுட்டாங்க, "என்ன சம்பந்தி, வேப்பிலை கையில?" "காத்து வருதில்ல, அதுக்கு"ன்னாரு.

தலைக்கு தண்ணி ஊத்தி முடிஞ்ச பெறகுதான் வம்பு. எங்கம்மா மருமகனுக்கு நல்லா ஆனா நான் கோவில சுத்தி உருளுதண்டம் போடறேன்னு வேண்டியிருக்காங்க. கவனிங்க, "நான்"னா அவங்க இல்ல, நான். என் ஒடம்ப வெச்சு அவங்க வேண்டிக்கிட்டாங்க. வீட்டுக்காரருக்கு கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு, என் பொண்டாட்டிய மண்ணுல உருள வெக்கறதுக்கு நீங்க யாருன்னு, அம்மா பதிலுக்கு, அவ என் வயித்துல பொறந்தவன்னு. பத்து பதினஞ்சு நாள் பேச்சுவார்த்தையே இல்ல. கடைசியில நான்தான் அம்மாகிட்ட போயி சொன்னேன், "ம்மா, ஆத்தாகிட்ட நீ கேட்ட, ஆத்தா குடுத்துட்டா, கடன் உன்னுது. எனக்கு மனசுல வந்தா நான் தனியா வேண்டிக்கறேன்." அம்மாவுக்கு முட்டி வலி, உருள முடியாது, கோவில்ல பூசாரிகிட்ட கேட்டதுக்கு அவரு மாவிளக்கு போடுங்க போதும்னுட்டாரு. அம்மா மாவிடிச்சாங்க, நான் கூடப் போனேன், வீட்டுக்காரரு வண்டியில கொண்டு போயி விட்டுட்டு வெளிய நின்னாரு.

அன்னியில இருந்து எங்க ரெண்டு வீட்டுலயும் இதுதான் சட்டம், வேண்டுதல் யாரு வெச்சாலும் அவங்க ஒடம்பு, அவங்க காசு, அவங்க லீவு. அடுத்தவங்க தலையில வேண்டறதா இருந்தா முன்னாடியே கேட்டுக்கணும். அதே சட்டம் இந்தப் பக்கத்துக்கும் உண்டு, நம்பாதவங்க நம்பறவங்க கூட தொணைக்குப் போகலாம் ஆனா போற வழியில கிண்டல் பண்ணக் கூடாது. கேக்க சின்ன விஷயமா இருக்கும். நான் பாத்த வரைக்கும் சாமிச் சண்டைன்னு வீடுகள்ல நடக்கறதுல முக்காவாசி இந்த எடத்துலதான் வெடிக்குது, கடவுள் உண்டா இல்லியான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு சண்டை போட்டுக்கிட்ட புருசன் பொண்டாட்டிய நான் பாத்ததில்ல, என்னைக் கேக்காம எப்பிடி முடிவு பண்ணுனன்னு சண்டை போட்டவங்களத்தான் பாத்திருக்கேன்.

இதுல அத்தைய பத்தி சொல்லாம விட்டா பாவம். எங்க அத்தை, அதாவது மாமாவோட வீட்டம்மா, கல்யாணமாகி வந்ததுல இருந்து கருப்புச்சட்டைக்காரரு பொண்டாட்டி, வீட்டுல ஒரு படம் கெடையாது, விளக்கு கெடையாது. ஆனா ஆடியில ஒரு நாள் "காய் வாங்கப் போறேன்"னு பையத் தூக்கிட்டு காலையில கெளம்புவாங்க, மத்தியானம் வருவாங்க, பையில நாலு கத்திரிக்காய் இருக்கும். எனக்குப் புரிய ரெண்டு வருசம் ஆச்சு. நெத்திய தொடைச்சுட்டுத்தான் வருவாங்க ஆனா காதோரம் மஞ்சள் ஒட்டிட்டு இருக்கும். மாமாவுக்குத் தெரியாதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். ஒரு வருசம் அத்தைக்கு காய்ச்சல், எந்திரிக்க முடியல, மாமா என்கிட்ட வந்து "ஏம்மா, உங்க அத்தை இந்த வருசம் காய் வாங்கப் போகலியே, நீ வேணா ஒரு எட்டு போயி வாங்கிட்டு வந்துரு"ன்னாரு. நான் போயிட்டு வந்தேன். மூணு பேரும் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. அத்தைகிட்ட துன்னூறு பொட்டலத்த குடுத்தப்ப பேத்திய மடியில வெச்சிக்கிட்டு "என்ன சாமி, சாப்டியா சாமி"ன்னு மாமா கொஞ்சிட்டு இருந்தாரு.

அந்த மாதிரி மறைச்சு வெச்சு வாழ்றத நான் பெருமையா சொல்லல. அத்தைக்கு அது ஒரு பாரம்தான், மாமா வாய்விட்டு "போயிட்டு வா"ன்னு சொல்லியிருக்கலாம், பொண்ணடிமைத்தனத்துக்கு எதிரா மேடையில பேசுன மனுசன். அன்பு இருந்துச்சு, அதுல ஒரு கஞ்சத்தனமும் இருந்துச்சு. ரெண்டும் உண்மை.

மாமா 2017ல போயிட்டாரு. ஒடம்ப மெடிக்கல் காலேஜுக்கு குடுக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தாரு. இத கொஞ்சம் வெவரமா எழுதறேன், ஏன்னா நெறைய பேரு எழுதி வெச்சும் கடைசி நேரத்துல நடக்காம போயிருது. கண் தானம்னா இறந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், கண் வங்கிக்கு போன் பண்ணுனா அவங்களே வீட்டுக்கு வருவாங்க, அது வரைக்கும் ஃபேன நிறுத்திருங்க, கண்ண மூடி ஈரத்துணி போட்டு வைங்க, தலைக்கு தலகாணி வெச்சு தூக்கி வைங்க. கண்ணாடி போட்டவங்க, சுகர் இருக்கறவங்க, கேட்ராக்ட் ஆப்பரேசன் பண்ணவங்களும் குடுக்கலாம், எங்க மாமா மூணும்தான். ஒடம்பு தானம்னா மருத்துவக் கல்லூரியில உடற்கூறியல் துறை, அங்கதான் ஃபாரம். செத்த பெறகு வீட்டுல இருக்கறவங்க சம்மதிச்சாத்தான் எடுப்பாங்க, டாக்டர் குடுக்கற இறப்பு சான்றும் ஆதாரும் கையில ரெடியா இருக்கணும். விபத்து, போலீஸ் கேசு, போஸ்ட்மார்ட்டம் ஆன ஒடம்புன்னா பொதுவா எடுக்கமாட்டாங்க. ஆக ஃபாரத்த விட முக்கியம் வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும், முக்கியமா ஊர்ல இருந்து வந்து சத்தம் போடப் போற சித்தப்பா பெரியப்பாகிட்ட, உசுரோட இருக்கறப்பவே வாயால சொல்லிருங்க. எங்க வீட்டுல மாமா எல்லார்கிட்டயும் சொல்லி இருந்ததால சத்தம் வந்தும் நிக்கல.

ஆனா ஒண்ண யாருமே யோசிக்கல, நாத்திகரும் யோசிக்கல, டாக்டரும் யோசிக்கல. ஆம்புலன்ஸ் போயிருச்சு. சுடுகாடு இல்ல, சாம்பல் இல்ல, காரியம் இல்ல. பதினஞ்சு நாள் கழிச்சு தோழருங்க படத்திறப்பு வெச்சாங்க, நல்லா பேசுனாங்க, பிரியாணி போட்டாங்க. அத்தை மட்டும் ஒக்கார எடம் தெரியாத மாதிரி வீட்டுக்குள்ள நடந்துட்டே இருந்தாங்க. "எங்க போயி அழறதுன்னு தெரியலடி"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. ஒடம்பு தானம் பண்றவங்க இருக்கறவங்களுக்குன்னு எதாவது ஒண்ண விட்டுட்டுப் போகணும், ஒரு மரம், ஒரு நாளு, ஒரு எடம், எதுவா இருந்தாலும், அவங்க வாயாலயே சொல்லிட்டுப் போகணும். மாமா சொல்லல.

கொஞ்ச நாள் கழிச்சு அத்தையே கேட்டாங்க, ஏற்காட்டு மேல சேர்வராயன் கோவிலுக்கு கூட்டிட்டுப் போறியான்னு. கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் போயிருக்காங்க, மாமா கோவிலுக்கு வெளிய நின்னுட்டாராம், அவரு வராம நான் மட்டும் எப்பிடின்னு இவங்களும் உள்ள போகல. 20 கொண்டை ஊசி வளைவு, பொண்ணு பதினோராவதுல வாந்தி எடுத்தா. ஏற்காட்டுல இருந்து இன்னும் மேல, 5300 அடிக்கு மேல மலை உச்சியில பொட்டல் காடு, காத்து ஆள தள்ளுது. கோவிலுன்னா கோபுரமெல்லாம் இல்ல, ஒரு குகை, குனிஞ்சுதான் உள்ள போகணும், சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ள இருக்காங்க, மலையில இருக்கற மலையாளி ஜனங்களோட சாமி. மே மாசத் திருவிழான்னா கால் வெக்க எடமிருக்காது, நாங்க போனது சும்மா ஒரு நாளு, கூட்டமில்ல. அத்தை முட்டிய புடிச்சிக்கிட்டு குனிஞ்சு உள்ள போயி நெறைய நேரம் இருந்தாங்க. என் வீட்டுக்காரரு வெளிய பொண்ணோட நின்னாரு.

வெளிய வந்தவங்க என்னைப் பாத்து சொன்னாங்க, "வெளிய நிக்க அவரு இருந்தப்ப நான் உள்ள போகல, இன்னிக்கு உள்ள போயிட்டு வந்தா வெளிய அவரு இல்ல." சொல்லிட்டு குளுரு தாங்கல, மொளகா பஜ்ஜி வாங்கிக் குடுன்னாங்க. சூடா நாலு தின்னாங்க. எறங்கறப்ப தூங்கிட்டாங்க. பெறகு வருசா வருசம் மாமா எறந்த தேதியில மேல போறதுன்னு ஆயிருச்சு, அவங்களா ஒரு எடத்த கண்டுபுடிச்சுக்கிட்டாங்க.

எனக்கு இப்ப ஐம்பதத் தாண்டியாச்சு. நம்பறியா இல்லியான்னு கேட்டா நேரா பதில் சொல்லத் தெரியல, ஆடி வந்தா கால் தானா கோவிலுக்குப் போகுது, மாத்திரைய மாத்திரைன்னுதான் முழுங்கறேன். முப்பதுகள்ல ஒவ்வொண்ணுக்கும் சாமிகிட்ட பேரம் பேசுனேன், புள்ளைக்கு காய்ச்சல், வீட்டு லோனு, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு. அப்பா அதுல போயிட்டாரு. அதுக்கப்பறம் பேரம் பேசறது தானா விட்டுப் போச்சு, கோவம்னு இல்ல, சும்மா போயி நின்னுட்டு வரேன். எங்கம்மா இப்ப கோவிலுக்கே போறதில்ல. கோட்டை மாரியம்மனுக்கு வேலை முடிஞ்சு 2023ல கும்பாபிஷேகம் ஆனப்ப கூப்புட்டுப் பாத்தேன், அத்தனை வருசமா எப்ப முடிப்பானுங்கன்னு பொலம்பிட்டு இருந்தவங்க, "அந்தக் கூட்டத்துல நான் எங்க, என் முட்டி அவளுக்குத் தெரியாதா"ன்னு டிவியிலயே பாத்துக்கிட்டாங்க. அவங்க அளவுக்கு எனக்கு அந்த உரிமை இன்னும் வரல.

போன மாசம் நானும் வீட்டுக்காரரும் ஒக்காந்து எழுதுனோம். அவருக்கு அவங்கப்பா மாதிரியே கண்ணும் ஒடம்பும் தானம். எனக்கு கண்ண குடுத்துட்டு மத்தத எரிச்சிருங்க, சாம்பல எங்க கரைக்கணும்னு புள்ளைங்க முடிவு பண்ணட்டும், மஞ்சள் குங்குமம் யாராவது வெக்க ஆசைப்பட்டா தடுக்காதீங்கன்னு எழுதியிருக்கேன். அவரு பக்கத்துல "என்னை நெனச்சு ஒக்காரணும்னா மொட்டை மாடி" அப்பிடின்னு ஒரு வரி இருக்கு, அத்தைய பாத்துத்தான் சேத்தாரு. ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு பீரோவுல பாஸ்புக்கு கூட வெச்சிட்டோம், ஃபோட்டோ எடுத்து புள்ளைங்க ரெண்டு பேருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பியாச்சு. பொண்ணு ஒடனே போன் பண்ணி "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன"ன்னு பயந்து கத்துனா. பையன் இன்னும் தொறந்தே பாக்கல.